'அகல் விளக்கு': பள்ளிப் பருவத்துக் காதலும் ஒரு நாவலின் நிறைகுறையும்

பள்ளிப் பருவத்துக் காதலைப் பொருளாகக் கொண்ட தமிழ் நாவல்கள் எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல. ஆனால், ஆசிரியர் ஒருவர் தயக்கமின்றி மாணவர் கையில் கொடுத்து, 'படித்துவிட்டு வா, பேசுவோம்' என்று சொல்லத்தக்கவை மிகச் சிலவே. அச்சிலவற்றுள் டாக்டர் மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' ஒன்று என்பது என் நெடுநாளைய கருத்து. 1961ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்ற நாவல் அது. பரிசு பெற்றதாலேயே ஒரு நூல் சிறந்ததாகிவிடாது. பலர் பாராட்டியதாலேயே அதன் குறைகள் மறைந்துவிடுவதும் இல்லை. பேராக் மாநிலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஈப்போ நகரத்துப் பிள்ளைகளுக்கும் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில், இந்நாவலை எங்கே போற்ற வேண்டும், எங்கே அதனோடு வாதிட வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய விழைகிறேன்.

'அகல் விளக்கு காதல் நாவல் அன்று; நட்பின் நாவல்' என்று சிலர் மறுக்கக்கூடும். மறுப்பில் பாதி உண்மை உண்டு. வேலய்யன், சந்திரன் என்னும் இரு நண்பர்களின் வாழ்வே கதை; வேலய்யனே அதைச் சொல்கிறான். எனினும், அந்நட்பின் போக்கையும் சந்திரனின் வாழ்வையும் ஒருங்கே திசை திருப்புவது ஒரு காதல். அதுவும் காதலே அல்லாத ஒன்றைக் காதலென்று கொண்ட பிழை. அப்பிழைக்கான விதை பள்ளி நாட்களிலேயே ஊன்றப்படுகிறது. ஆகவே, பள்ளிக் காதல் என்னும் பொருளை ஆராய்வோருக்கு இதனினும் ஏற்ற நூல் கிடைப்பது அரிது.

மு.வ.வின் நூல்கள் நம் தோட்டப்புறங்களில் பெற்றிருந்த இடத்தை இன்றைய இளைஞர் அறிய மாட்டார்கள். கோ. சாரங்கபாணியார் 'தமிழ் முரசு' இதழில் வளர்த்த மாணவர் மணிமன்றத்தின் வழியே தோன்றிய தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் பல தோட்டங்களில் சிறு நூலகங்களை வைத்திருந்தன. ஒரு மர அலமாரி, அதில் ஐம்பது அறுபது நூல்கள், அவ்வளவே. அந்த அறுபதில் பத்தேனும் மு.வ.வினுடையவையாக இருக்கும். 'தம்பிக்கு', 'தங்கைக்கு' என்று அவர் எழுதிய கடித நூல்களைப் படித்துவிட்டு, தம் வீட்டுக் கடிதங்களையும் அந்நடையிலேயே எழுதியவர்களை நான் அறிவேன். காதல் கடிதங்கள்கூட அறிவுரைக் கடிதங்களைப் போலவே இருந்தன என்றால் இன்று சிரிப்பு வரலாம். கையில் அகப்பட்ட ஒன்றிரண்டைப் படித்தவன் என்பதால் சொல்கிறேன்.

கதையைச் சுருங்கச் சொல்வோம். பெருங்காஞ்சி என்னும் சிற்றூரிலிருந்து உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்காக வாலாசா நகருக்கு வருகிறான் சந்திரன். அழகன், படிப்பில் கூர்மையானவன். அங்கே அவனுக்குத் தோழனாகிறான் வேலய்யன். இவன் எதிலும் நடுத்தரமானவன். பின்னர்ச் சந்திரன் கல்லூரிப் படிப்புக்குச் சென்னை செல்கிறான். அங்கே இமாவதி என்னும் பெண் அவனுடன் தடையின்றிப் பழகுகிறாள். அப்பழக்கத்தை அவன் காதலென எண்ணிவிடுகிறான். அவளுக்கு வேறிடத்தில் மணம் என்று அறிந்ததும் நிலைகுலைகிறான். படிப்பு போகிறது, வீடு போகிறது, நீலகிரித் தேயிலைத் தோட்டப் பக்கம் மறைந்து வாழ்கிறான், ஒழுக்கம் தளர்கிறது, முடிவில் தொழுநோயாளியாக இறக்கிறான். ஒளி குறைந்தவனாகத் தொடக்கத்தில் தோன்றிய வேலய்யனோ, காற்றில் அலையாத அகல் விளக்காக நின்று நிலைக்கிறான்.

இந்நாவலின் முதற்பகுதியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். சிற்றூரிலிருந்து நகரத்துப் பள்ளிக்கு வரும் சிறுவனின் நிலையை மு.வ. தாமே அறிந்து எழுதியிருக்கிறார். அவர் வளர்ந்த வேலம் என்னும் ஊர் வாலாசாவுக்கு அண்மையில் உள்ளது. பச்சையப்பன் கல்லூரிக்குச் செல்லும் முன் திருப்பத்தூர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகவும் பணிபுரிந்தார். சந்திரனைப் போன்ற மாணவர்கள் ஆண்டுதோறும் அவர் முன் வந்து அமர்ந்திருப்பார்கள். தெருவின் பழக்கம், அண்டை வீட்டாரின் அன்பு, தேர்வின் அச்சம், விடுமுறையில் நண்பனின் ஊருக்குச் செல்லும் மகிழ்ச்சி ஆகியவற்றை அவர் மிகைபடாமல் எழுதுகிறார். பெருங்காஞ்சியின் வயலும் தோப்பும் வேலய்யனுக்குப் புதுமை. வாலாசாவின் தெருவும் பள்ளியும் சந்திரனுக்குப் புதுமை. இருவரும் ஒருவர் உலகத்தை மற்றவருக்குத் திறந்து காட்டுகிறார்கள்.

இப்பகுதியைத் தோட்டத்துப் பிள்ளைகள் வாசித்தபோது அவர்கள் முகத்தில் தெரிந்த மாற்றத்தை நான் மறக்கவில்லை. நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். அதன்பின் நகரத்து இடைநிலைப்பள்ளி. அங்கே புகுமுக வகுப்பில் ஓராண்டு. சுற்றிலும் வேற்று மொழி. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களில் பெரட்டுக்கு எழும் பெற்றோரோடு இருட்டிலேயே எழுந்து, பால்மரக் காட்டினூடே நடந்து, முதன்மைச் சாலையில் பேருந்துக்குக் காத்து நின்ற பிள்ளைகள் அவர்கள். லயத்தில் எல்லாரும் எல்லாரையும் அறிவர். நகரத்தில் யாரும் யாரையும் அறியார். லயத்தில் ஒரு பெண்ணோடு நின்று பேசினால் மாலைக்குள் செய்தி வீடு வந்து சேரும்; நகரத்துப் பள்ளியிலோ ஒரே வகுப்பில், ஒரே வரிசையில் அமர வேண்டும். பழகும் முறையை யாரும் கற்பித்ததில்லை. பேசினாலே பிழை என்று வளர்ந்தவனுக்கு, ஒரு பெண் தானாக வந்து பேசினால் அதன் பொருள் என்னவென்று தெரியாது. சந்திரனுக்கும் அதுவே நேர்ந்தது. பெருங்காஞ்சியை நேரில் காணாத எங்கள் மாணவர் பெருங்காஞ்சிக்காரனை அறிந்துகொண்டது இவ்வாறுதான்.

கதையைச் சொல்லும் முறையும் கருதத்தக்கது. ஒளிமிக்க நண்பனைப் பற்றி ஒளி குறைந்த நண்பன் சொல்லும் உத்தி உலக இலக்கியத்துக்குப் புதிதன்று. பிரெஞ்சு எழுத்தாளர் அலேன் ஃபூர்னியே 1913இல் வெளியிட்ட 'லெ கிராண் மோன்' என்னும் நாவலிலும் பள்ளிக்குப் புதிதாக வந்து சேரும் ஒரு மாணவனைப் பற்றி, அவனை வியந்து நிற்கும் ஆசிரியர் மகன் ஒருவன் சொல்கிறான். அங்கும் ஒரு காதல். அங்கும் அது நண்பர் இருவரின் வாழ்வையும் மாற்றுகிறது. அந்நூலில் சொல்பவன் தன் நண்பனை இறுதிவரை முழுதும் புரிந்துகொள்வதில்லை. அதனால் ஒரு மயக்கம் நூலெங்கும் நிற்கிறது. மு.வ.வின் வேலய்யன் இதற்கு நேர் மாறானவன். பள்ளி நாட்களில் சந்திரனை வியக்கிறான். அப்போது நாவல் உயிரோடு இயங்குகிறது. வளர்ந்தபின் சந்திரனை மதிப்பிடத் தொடங்குகிறான். அப்போது நாவல் சற்றே உயிர் குறைகிறது. வியப்போடு சொல்பவனின் குரலை நாம் நம்புகிறோம். எப்போதும் சரியாகவே இருப்பவனின் குரல், எவ்வளவு நல்லவனாயினும், சிறிது சலிப்பைத் தருகிறது.

நாவலின் தலைசிறந்த பகுதி எதுவென்று கேட்டால், இமாவதியைப் பற்றிய பகுதியையே சுட்டுவேன். ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று பெயரிட்டு, ஏழு திணைகளுள் முதலாவதாக வைத்தார் தொல்காப்பியர். பொருந்தாக் காமமாகிய பெருந்திணையை இறுதியில் வைத்தார். அன்பின் ஐந்திணை இவ்விரண்டுக்கும் நடுவே நின்றது. நம் அகப்பாடல்கள் பெரும்பாலும் அந்நடுவிலேயே வாழ்ந்தன. கைக்கிளைக்குரியவனின் மனத்தை விரிவாக ஆராயும் வாய்ப்பு உரைநடை வந்தபின்னரே தமிழுக்கு நன்கு கிடைத்தது. சந்திரன் இக்காலக் கைக்கிளைத் தலைவன். அவள் சிரித்தால் ஒரு பொருள். சிரிக்காவிட்டால் மற்றொரு பொருள். அவளுடைய ஒவ்வொரு சொல்லும் அவன் கணக்கில் வரவாகிறது. செலவுப் பக்கத்தை அவன் எழுதுவதே இல்லை.

இங்கே மு.வ. செய்த அரிய செயல் ஒன்று உண்டு. அவர் இமாவதியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. ஆடவன் ஒருவன் கெட்டான் என்றால் அவனைக் கெடுத்த பெண் யார் என்று தேடுவது நம் மேடைக்கும் திரைக்கும் பழகிப்போன வழக்கம். சிரித்துப் பேசியவளை மாயக்காரி என்று கைகாட்டிவிட்டு ஆசிரியர் ஒதுங்கியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. அவள் காட்டியது உடன்பிறப்பைப் போன்ற அன்பு. அதைத் திரித்துக்கொண்டது அவன் உள்ளம். பிழை அவனுடையதே என்று நாவல் தெளிவாகச் சொல்கிறது. ஐம்பதுகளின் இறுதியில், இளைஞர் விரும்பிப் படித்த ஓர் ஆசிரியர் இதைச் சொன்னார் என்பது சிறிய செய்தி அன்று.

இதன் பயன் எனக்குத் தெரிந்தது 1981இல். அப்போது நான் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடக்கும். அதுவும் பள்ளி நேரம் முடிந்தபின். பசியோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இலக்கணம் இறங்காது. ஆகவே வாரம் ஒருநாள் நாவல் வாசிப்பு. மூன்றாம் படிவத்து மாணவி ஒருத்தி, தோட்டத்திலிருந்து வருபவள், 'அகல் விளக்கு' நூலை வீட்டுக்கு எடுத்துச் சென்று இரண்டே நாளில் முடித்துவிட்டு வந்தாள். வகுப்பில் எல்லாரும் சந்திரனுக்காக வருந்திக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் எழுந்து, "எல்லாரும் சந்திரனையே பேசறோம் சார். அந்த இமாவதிக்கு எப்படி இருந்திருக்கும்னு யாருமே கேக்கலியே?" என்றாள்.

அன்று நான் ஏதோ விடை சொல்லிச் சமாளித்தேன். சில வாரங்களில் அம்மாணவியின் பயிற்சிப் புத்தகத்துக்குள் ஒரு பையன் கடிதம் வைத்திருந்தது அவள் வீட்டாரின் கண்ணில் பட்டது. அவள் அதற்கு விடை எழுதவில்லை; எழுதும் எண்ணமும் அவளுக்கு இல்லை. எனினும் மறுவாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை. எஸ்.ஆர்.பி. தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தன. நான் தோட்டத்துக்குச் சென்று அவள் தந்தையிடம் பேசிப் பார்த்தேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க படிச்சவங்க சார். ஆனா லயத்துல இருக்கறது நாங்கதானே" என்றார். பையன் தொடர்ந்து படித்து நான்காம் படிவம் சென்றான். பெண் தாயோடு பால்மரம் வெட்டச் சென்றாள். அந்தத் தந்தையை நான் இன்றும் பழிக்கவில்லை. அவர் வாழ்ந்த உலகில் மகளைக் காக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. அவருக்கு எதிராகச் சொல்ல என்னிடம் வலுவான வாதம் ஒன்று இருந்தது. அது நாவலில் இருந்தது. அதை எடுத்துச் சொல்லும் திறம் அன்று எனக்கு இல்லை.

நாவலின் மீது எனக்குள்ள முதற்குறை அம்மாணவியின் கேள்வியிலிருந்தே பிறந்தது. இமாவதியைக் குற்றமற்றவள் என்று தீர்ப்பளித்த ஆசிரியர், அவள் உள்ளத்துக்குள் நம்மை அழைத்துச் செல்லவில்லை. தன்னால் ஒருவன் கெட்டான் என்று ஊர் பேசக் கேட்கும் பெண்ணின் நிலை என்ன? கதை வேலய்யன் வாய்மொழியாக வருவதால் அவனுக்குத் தெரிந்ததே நமக்கும் தெரியும் என்று விடை கூறலாம். அவ்விடை எனக்கு நிறைவு தரவில்லை. வேலய்யன் எத்தனையோ பேரிடம் நீண்ட உரையாடல் நிகழ்த்துகிறான். சந்திரனின் வீழ்ச்சி அவளுக்கு என்ன செய்தது என்பதை அறிய மட்டும் அந்த உரையாடல்கள் பயன்படவில்லை.

இதனோடு தொடர்புடைய மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மு.வ. ஆண் பெண் நட்பை ஆதரிப்பவர்; ஐயமில்லை. ஆனால் அந்நட்பு அவருடைய நூலில் அக்காள், தங்கை என்னும் உறவுப் போர்வையை அணிந்துகொண்டே நடமாடுகிறது. அண்டை வீட்டுக் கைம்பெண்ணாகிய பாக்கியம் மிக அழகான படைப்பு. இளமையிலேயே வாழ்வை இழந்தவள், பிறர் பிள்ளைகளிடம் பொழியும் அன்பு நெஞ்சை உருக்கும். அவளும் அக்காளாகவே இருக்க அனுமதி பெற்றவள். உறவுப் பெயர் இல்லாத தோழமை ஒன்று உண்டா என்னும் வினாவுக்கு நாவல் விடை தரவில்லை. எங்கள் பள்ளிகளிலும் மாணவர் ஒருவரையொருவர் 'அண்ணா', 'தங்கச்சி' என்று அழைத்துக்கொண்டு அதன் நிழலில் பழகியதைக் கண்டிருக்கிறேன். சிலருக்கு அது உண்மையான உறவாயிற்று. சிலருக்கு முகமூடியாயிற்று.

உரையாடல்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, மு.வ.வைப் படித்த அனைவரும் அறிந்த குறை அது. பெருங்காஞ்சி உழவரும் சென்னைக் கல்லூரி மாணவரும் ஒரே செந்தமிழில் பேசுகிறார்கள். மாந்தர் தம் கவலையைச் சொல்லத் தொடங்கி, சமுதாயச் சீர்திருத்தச் சொற்பொழிவில் முடிக்கிறார்கள். சந்திரனின் தங்கை கற்பகத்தை மணக்கும் மாலனின் மூடநம்பிக்கைகளைப் பற்றிய பகுதிகள், தனிக் கட்டுரைகளாக வந்திருந்தால் சிறந்திருக்கும். தமிழ் கற்போருக்குத் தூய நடை பயன்பட்டது என்பதை மறுக்க மாட்டேன். வேற்றுமொழிப் பள்ளியில் படித்த எங்கள் பிள்ளைகள் பிழையின்றி எழுதக் கற்றது அந்நடையைப் பார்த்துத்தான். நடைக்கு ஆசிரியராக இருப்பது வேறு. மாந்தருக்கு உயிர் தருவது வேறு.

பிற்பகுதியில் சந்திரனுக்கு நேரும் முடிவே எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. ஒரு பெண்ணின் நட்பைத் தவறாகப் புரிந்துகொண்ட இளைஞன், அதிலிருந்து மீளலாம், மீளாமலும் போகலாம். மு.வ. மீளும் வழிகளை ஒவ்வொன்றாக அடைக்கிறார். முதலில் தேயிலைத் தோட்டம். கெட்டுப்போனவன் மறைந்து வாழத்தக்க இடமாகத் தோட்டம் கதையில் வருகிறது. லயத்தில் பிறந்து லயத்தில் படித்துத் தலைநிமிர்ந்த வாசகனுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? ஆசிரியருக்கு அத்தகைய நோக்கம் இல்லை என்பதை அறிவேன். வாலாசாவிலிருந்து பார்ப்பவருக்குத் தோட்டம் தொலைவான மலையிடம்; எங்களுக்கோ அது தாயும் தந்தையும் வேர்வை சிந்திய வீடு. ஒரே நூல் இரு நிலங்களில் இரு வேறு பொருள் தரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அடுத்தது தொழுநோய். ஒழுக்கம் தவறியவனுக்கு நோய் வருவதாகக் காட்டுவது பழைய கதை மரபு. மருத்துவம் அறிந்த உண்மை வேறு. தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டறிந்தார். டாப்சோன் என்னும் மருந்து 1940களிலேயே நோயாளிகளைக் குணப்படுத்தத் தொடங்கிவிட்டது. 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் பன்மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தபின் முழுக் குணம் எளிதாயிற்று. 1930இல் தொடங்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு நம் நாட்டில் எவ்வளவு குடும்பங்களைப் பிரித்தது என்பதை மூத்தோர் அறிவர். நோயினும் நோயைப் பற்றிய பழிச்சொல்லே அங்கிருந்தவரை அதிகம் வருத்தியது. மூடநம்பிக்கையைச் சாடப் பல பக்கங்களைச் செலவிட்ட பேராசிரியர், நோயைத் தண்டனையாக்கும் நம்பிக்கைக்குத் தம்மை அறியாமலே இடங்கொடுத்துவிட்டார். நாவலுக்குள் இருக்கும் முரண்பாடுகளில் இதுவே பெரிது.

இதன் விளைவு நம் இலக்கியத்திலும் தெரிகிறது. மாணவர் சிறுகதைப் போட்டிகளுக்கு நடுவராக இருந்த ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான பள்ளிக் காதல் கதைகளைப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் காதலித்தவன் தேர்வில் தோற்பான், விபத்தில் சிக்குவான், அல்லது காதலித்தவள் நஞ்சுண்பாள். ஆசிரியர் மெச்சுவார் என்று எண்ணிப் பிள்ளைகள் எழுதிய தண்டனைகள் அவை. மு.வ.விடமிருந்து நாம் பிற்பகுதியை எடுத்துக்கொண்டோம். பெருங்காஞ்சிக்கும் வாலாசாவுக்கும் இடையே இரு சிறுவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் பொறுமையான முற்பகுதியை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு கதை நினைவில் நிற்கிறது. பேருந்து நிலையத்தில் ஒரு பையன் நாள்தோறும் ஒரு பெண்ணுக்காகக் காத்திருக்கிறான். ஒருநாள் அவள் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டு நகரத்துக் குடியிருப்புக்குப் போய்விடுகிறாள். மரங்களை வெட்டிச் செம்பனை நடத் தொடங்கிவிட்டார்கள். கதை அவ்வளவுதான். யாரும் சாகவில்லை. நடுவர் குழுவில் அதற்குப் பரிசு வாங்கித் தர நான் பெரிதும் போராட வேண்டியிருந்தது. 'படிப்பினை இல்லை' என்றார்கள்.

அவ்வாறாயின் 'அகல் விளக்கு' நூலை இன்றைய மாணவருக்குக் கொடுக்கலாமா? கொடுக்க வேண்டும் என்பதே என் விடை. பால்மரமும் லயமும் அருகிவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று ஈப்போவைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் வளர்கிறார்கள். பயிற்சிப் புத்தகத்துக்குள் கடிதம் வைக்கும் வேலை அவர்களுக்கு இல்லை, கைப்பேசி இருக்கிறது. எனினும் ஒரு சொல்லுக்கு இல்லாத பொருளை ஏற்றி இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கும் சந்திரன்கள் குறையவில்லை. மறுத்த பெண்ணைப் பழிப்பவர்களும் குறையவில்லை. முற்பகுதியை மாணவர் தாமே படிக்கட்டும். இமாவதிக்கு மணம் உறுதியாகும் இடத்தில் ஆசிரியர் நூலை மூடச் சொல்லி, அவள் பக்கத்துக் கதையை அவளே சொல்வதாக எழுதி வரச் சொல்லலாம். பிற்பகுதியை வகுப்பில் வைத்து, சுங்கை பூலோவின் வரலாற்றோடு சேர்த்து வாசிக்கலாம்.

நான் இப்பயிற்சியைப் பணி ஓய்வுக்கு முந்திய சில ஆண்டுகளில் செய்து பார்த்தேன். பெண்கள் எழுதியவற்றில் இமாவதி பெரும்பாலும் கோபக்காரியாக இருந்தாள். பையன்கள் எழுதியவற்றில் அவள் மன்னிப்புக் கேட்டாள். ஒரு பையன் மட்டும், அவள் சந்திரனுக்குக் கடிதம் எழுதத் தொடங்கி, என்ன எழுதுவதென்று தெரியாமல் தன் கல்லூரிப் பாடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தான். 1981இல் கேட்ட கேள்விக்கு நான் பெற்ற விடைகளில் அதுவே எனக்குப் பிடித்தது. அம்மாணவியிடம் காட்ட விரும்பினேன். அதற்குள் அவள் இருந்த தோட்டமே துண்டுபோடப்பட்டு விற்கப்பட்டுவிட்டது. குடும்பங்கள் எங்கெங்கோ சென்றுவிட்டன.